ஓடுபாதை நகரமாகும் வரை வீட்டை விற்காமல் காத்திருக்கலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் சிங்கப்பூரில், ஹவ்காங் வட்டாரத்தில், 1985-ஆம் ஆண்டில் குத்தகை தொடங்கிய, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் வசிக்கிறோம். எனக்கு வயது 61, அவருக்கு 66. முழங்கால் வலி காரணமாகச் சிறிய வீட்டுக்கு மாறிவிடலாம் என்று நினைத்திருந்தோம். பாய லேபார் ஆகாயப் படைத் தளம் இடம் மாறியதும் கட்டடங்களுக்கான உயரக் கட்டுப்பாடு நீங்கி நம் வீட்டின் விலை பல மடங்கு ஏறும், அதுவரை விற்கவே கூடாது என்கிறான் எங்கள் மகன். காத்திருப்பதுதான் சரியா? வீடுகளுக்கு இவ்வளவு தேவை இருக்கும்போது ஓடுபாதையைத் திறந்தவெளியாக விடலாம் என்ற யோசனை ஏன்? அந்தத் தளம் பயணிகள் விமான நிலையமாக இருந்த 1960-களில் என் தந்தை அங்கே பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பழைய முனையக் கட்டடத்தையும் இடித்துவிடுவார்களோ என்று மனம் பதைக்கிறது.
— ஹவ்காங் வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. படைத் தளம் 2030-க்குப் பிறகு இடம் மாறும் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் 2013-ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணியில் அறிவித்தார். அதனால் தளத்திலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளிலுமாக ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலம் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டுப் பேரணியில், அங்கே சுமார் 1,50,000 புதிய வீடுகள் கட்ட முடியும் என்றும், ஹவ்காங், மரின் பரேட், பொங்கோல் போன்ற பகுதிகளில் உயரக் கட்டுப்பாடு தளரும் என்றும் அவர் விளக்கினார். அதே உரையில், இந்த மாற்றம் நிறைவேறப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதும் இருந்தது. வீட்டு விலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

பல பத்தாண்டுகள் என்றால் எப்படியிருக்கும் என்பதை ஹாங்காங்கின் கை டாக் விமான நிலையத்தை வைத்துச் சொல்லலாம். அதுவும் நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தது. அதற்காகவே கவ்லூன் பகுதியின் கட்டடங்கள் தாழ்வாகக் கட்டப்பட்டிருந்தன. நிலையம் 1998 ஜூலை 6-ஆம் தேதி மூடப்பட்டது. கடலைத் தூர்த்து நிலத்தைப் பெருக்கும் முதல் திட்டம் எதிர்ப்பாலும் நீதிமன்றத் தீர்ப்பாலும் கைவிடப்பட்டு, வேறொன்று வரையப்பட்டது. விமான எரிபொருள் ஊறிய மண்ணையும் தூய்மைப்படுத்த வேண்டியிருந்தது. முதல் பொது வாடகைக் குடியிருப்புகளில் மக்கள் குடியேறியது 2013-இல். அவர்களுக்கு அருகில் ரயில் நிலையம் திறந்தது 2020-இல். பெரிய விளையாட்டு வளாகம் திறந்தது 2025 மார்ச்சில். விமானங்கள் போய் 15 ஆண்டுகளுக்குப் பிறகே முதல் குடும்பங்கள் வந்தன, அவர்களும் ரயிலுக்காக மேலும் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். சிங்கப்பூரில் நிலமும் திட்டமிடலும் பெரும்பாலும் அரசின் கையில் இருப்பதால் வேலை விரைவாக நடக்கலாம். ஆனால் மண்ணைச் சோதித்துச் சுத்தம் செய்வது, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிவடங்களையும் புதிதாக இடுவது, பள்ளியும் பேருந்தும் கடையும் வீடுகளோடு சேர்ந்தே வருமாறு கட்டங்களைப் பிரிப்பது ஆகியவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது.

இப்போது உங்கள் குத்தகைக் கணக்குக்கு வருவோம். 1985-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2084-இல் முடிகிறது. நீங்கள் 2040 வரை காத்திருந்து விற்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டால், அப்போது மீதம் 44 ஆண்டுகள் இருக்கும். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடித்தால்தான் மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்பில் உள்ள பணத்தை முழு வரம்பு வரை பயன்படுத்தலாம் என்பது 2019 முதல் உள்ள விதி. 35 வயதில் வாங்க வரும் ஒருவருக்கு அந்த 44 ஆண்டுகள் 79 வயது வரைதான் போதும். அவர் பயன்படுத்தக்கூடிய சேம நிதித் தொகை குறைந்துவிடும். வீவக கடனும் அப்படியே. கையில் ரொக்கம் அதிகம் உள்ளவர்களும் வயதானவர்களும் மட்டுமே வாங்க முன்வருவார்கள் என்றால் விலை எந்தப் பக்கம் நகரும் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள்.

அவர் கணக்கில் இன்னொரு விடுபடுதலும் இருக்கிறது, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. உயரக் கட்டுப்பாடு தளர்வதால் வரும் ஆதாயம், அந்த மண்ணில் மீண்டும் கட்ட உரிமை உள்ளவருக்கே சேரும். தனியார் அடுக்குமாடியின் உரிமையாளர்கள் ஒன்றுகூடிக் கூட்டு விற்பனை செய்தால் அந்த ஆதாயத்தில் பங்கு பெற வாய்ப்புண்டு. வீவக வீட்டுக்காரரான உங்களிடம் இருப்பது ஒரு வீட்டின் குத்தகை. உங்கள் புளோக்கின் மேல் இன்னும் இருபது மாடிகள் கட்ட இடமிருந்தாலும் அது உங்கள் விற்பனைப் பத்திரத்தில் ஏறாது. வீவக புளோக்குகள் முன்கூட்டியே இடிக்கப்படுவது அரசின் திட்டங்கள் வழியாகத்தான். அவற்றுள் ஏறத்தாழ 70 ஆண்டு வயதான புளோக்குகளுக்கென 2018-இல் அறிவிக்கப்பட்ட, குடியிருப்பாளர்கள் வாக்களித்து முடிவு செய்யும் வெர்ஸ் திட்டத்தில், அரசே புளோக்குகளைத் தேர்ந்தெடுத்துக் கையகப்படுத்திய முந்தைய செர்ஸ் திட்ட அளவுக்குத் தாராளமான இழப்பீட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. உங்கள் புளோக்குக்கு அந்த வயது வரும்போது உங்களுக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியிருக்கும்.

ஆகவே முழங்கால் சொல்வதைக் கேளுங்கள். சிறிய வீட்டுக்கு மாறுவது என்று முன்பே யோசித்திருக்கிறீர்கள். அந்த யோசனையை இந்தத் திட்டத்துக்காகத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 55 வயதைக் கடந்தவர்கள் ஈரறை ஃபிளெக்சி எனப்படும் சிறிய வீவக வீட்டைக் குறுகிய குத்தகையில் வாங்கலாம். இருவரில் இளையவரான உங்களுக்கு 95 வயதாகும் வரை குத்தகை நீடிக்க வேண்டும் என்பதால் 35 ஆண்டுக் குத்தகை பொருந்தும். ஹவ்காங்கை விட்டுப் போக மனமில்லை என்றால், உங்களுக்கும் 65 வயது நிறைந்த பின், குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவிடமே விற்று அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் நிபந்தனைகள் உண்டு என்பதால், உங்கள் வீவக கிளையில் நேரில் உட்கார்ந்து இரு கணக்குகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்த எண்களை அவர் அங்கேயே பார்ப்பது நல்லது.

அடுத்து ஓடுபாதை. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமான அந்தப் பட்டையைப் புதிய நகரின் நடுவே பசுமையான பொது வெளியாக வைத்துக்கொள்ளலாம் என்பது திட்டமிடுவோர் முன்வைத்த யோசனை. நான் அதை மனமார ஆதரிக்கிறேன். வீடு, வேலையிடம், கடை, மருந்தகம் எல்லாம் நடந்து போகும் தொலைவில் கலந்திருக்கும் நகரை உருவாக்க வேண்டுமென்றால் அவற்றைக் கோக்க ஒரு நூல் வேண்டும். அந்த நேர்கோடு ஏற்கெனவே தட்டையாக, மேடுபள்ளமில்லாமல், சக்கர நாற்காலியும் சைக்கிளும் தடையின்றிச் செல்லும்படி அங்கே கிடக்கிறது. 800 ஹெக்டரில் அது எடுத்துக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. பெர்லினில் 2008-இல் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமானத் தளத்தை மக்கள் பூங்காவாகப் பழகிவிட்டார்கள். அதன் ஓரங்களில் மட்டும் வீடு கட்டும் திட்டத்தைக்கூட 2014-இல் பொது வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வீடு தேடி அலையும் இளம் குடும்பங்களை நினைத்தால் அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். ஓடுபாதையைக் காத்து, இரு மருங்கிலும் நெருக்கமாகக் கட்டுவதே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

உங்கள் பேட்டையின் மேல் போர் விமான இரைச்சல் நீங்குவதற்கு வேறிடத்தில் கொடுக்கப்படும் விலையையும் மறக்கக் கூடாது. பாய லேபாரின் பணிகளில் ஒரு பங்கை ஏற்பதற்காகத் தெங்கா ஆகாயப் படைத் தளம் விரிவாக்கப்படுகிறது. அதற்காகச் சுவா சூ காங் இடுகாட்டில் 80,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டி மாற்றப்படும் என்று 2017-இல் அறிவிக்கப்பட்டது. அத்தனை குடும்பங்கள் தங்கள் முன்னோரை எழுப்பி இடம் மாற்ற வேண்டிய நிலத்துக்கு ஈடாகக் கிடைப்பது பாய லேபார் நிலம். அவசர அவசரமாகக் கட்டி வீணடிக்கக் கூடாத நிலம்.

முனையக் கட்டடத்தைப் பற்றி ஓரளவு ஆறுதலாகவே எழுத முடிகிறது. பழைய பயணிகள் முனையத்தையும் தளத்தின் வேறு சில கட்டுமானங்களையும் புதுப் பயன்பாட்டுக்கு மாற்றலாம் என்ற எண்ணம் இதுவரை வெளியான யோசனைகளில் இடம்பெற்றுள்ளது. எண்ணம் என்பது பாதுகாப்பு ஆணை ஆகிவிடாது என்றாலும், முன்மாதிரி இருக்கிறது. 1937-இல் திறந்து 1955-இல் மூடிய காலாங் விமான நிலையத்தின் முனையம் பல ஆண்டுகள் மக்கள் கழகத்தின் தலைமையகமாக இருந்து, இன்றும் நிற்கிறது. அதன் ஓடுபாதை இருந்த இடத்தில்தான் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு உணவங்காடி நிலையத்தில் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கட்டடம் பிழைத்தாலும், அங்கே பெட்டி சுமந்தவர்களின் பெயர் அதில் இருக்காது. உங்கள் தந்தையின் வேலை அனுமதி அட்டை, சம்பளச் சீட்டு, சீருடையில் எடுத்த படம் ஏதேனும் வீட்டில் இருந்தால், வீடு மாறும் சந்தடியில் தொலைந்துபோகும் முன் எடுத்து வைத்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவர் உங்களிடம் சொன்னவற்றை, ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டாலும், தமிழிலேயே எழுதி அவற்றோடு சேர்த்துக் கொடுங்கள்.