இட்டேரியை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி?

காங்கேயம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊருக்குக் கிழக்கே 40 ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) கைமாறிவிட்டது. மனை பிரிக்க ஜேசிபி விட்டுக் கிளுவை வேலியைப் பிடுங்குகிறார்கள். ஆடுமாடு போகும் இட்டேரியும் (இரு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்), குட்டைக்குத் தண்ணீர் வரும் பள்ளமும் அதற்குள்தான் இருக்கின்றன. கிராம சபையில் சத்தம் போட்டுப் பார்த்தோம். 'பட்டா நிலம், அவர் இஷ்டம். அனுமதி கொடுப்பது நகர் ஊரமைப்பு ஆபீஸ்' என்று சொல்லிவிட்டார்கள். ஊர் எப்படி வளரணும் என்று சொல்ல ஊர்க்காரர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா?"

இடம் இருக்கிறது. முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கொறங்காடு தனியார் நிலம். அதை மனையாக்கவே கூடாது என்று கிராம சபை தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது; அந்தக் கோரிக்கையோடு போனால் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்புவார்கள். இட்டேரி, பள்ளம், குட்டை மூன்றும் வேறு கணக்கு. அவற்றில் ஊருக்குப் பாத்தியதை உண்டு. நீங்கள் காலூன்ற வேண்டியது அங்கே.

இட்டேரி யாருடையது என்று காகிதத்தில் பாருங்கள். எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ-பதிவேடு கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும்; அதில் அந்தப் பக்கத்து சர்வே எண்களை ஒன்று விடாமல் படியுங்கள். நாம் பள்ளம் என்பது அதில் ஓடை என்றோ வாய்க்கால் என்றோ இருக்கும். வண்டிப்பாதை, ஓடை என்று புறம்போக்காகத் தனி எண் இருந்தால் அது அரசு நிலம். யாரும் மனைக்குள் சேர்த்துக்கொள்ள முடியாது. தனி எண் இல்லாமல், இரண்டு காட்டுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டு உண்டான தடமென்றால் அது பட்டாவுக்குள் இருக்கும் அனுபவப் பாதை. 20 ஆண்டுகள் இடைவிடாமல், யாரும் தடுக்காமல், உரிமையோடு நடந்துவந்திருந்தால் 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி வழிப்பாத்தியம் கேட்கலாம். அதை நிலைநாட்ட சிவில் கோர்ட்டுக்குப் போக நேரலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மனு எழுதுவதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறேன். முதல் வகைக்கு வருவாய்த் துறையிடம் அளந்து கல் நடக் கேட்க வேண்டும், இரண்டாவதற்கு நடந்தவர்களின் சாட்சியம் சேர்க்க வேண்டும்.

கொறங்காட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் கிளுவை வேலியுமாக, காங்கேயம் மாட்டை வளர்த்துவிட்ட மேய்ச்சல் நிலம் அது. பதிவேட்டில் அது வெறும் புன்செய். பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று எழுதியிருந்தால், தூரத்து அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர் கண்ணுக்கு அது காலி இடம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று ஊர் எழுதித் தரவே இல்லை.

அதனால் அடுத்த வேலை, ஊரைக் கூட்டிக்கொண்டு நடப்பது. சர்வே எண்ணின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலை இணையத்திலேயே எடுக்கலாம். பென்சிலோடு நடந்து, கண்ணில் படுவதையெல்லாம் அதன் மேல் குறியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே திருப்பூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் இப்படி நடந்தோம். மனை வரைபடத்தில் பள்ளம் ஒல்லியான கோடாக இருந்தது. எங்களோடு வந்த, ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர் கரைமேல் இருந்த வேலமரத்து வேரைக் காலால் தட்டிக் காட்டினார். "ஐப்பசித் தண்ணி இந்த வேரு முட்ட வந்துருமுங்க. காயிதத்துல இருக்கறது கோடைப் பள்ளமுங்க." டேப் பிடித்துப் பார்த்தோம். கோட்டுக்கும் வேருக்கும் நடுவே 11 மீட்டர். மூன்று மனைகள் அந்த 11 மீட்டருக்குள் விழுந்தன. பக்கத்துக் காட்டுக்காரர்கள் நான்கு பேர் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். மனுவோடு அந்தத் தாளும் போனதால், பள்ளத்தை மறுபடி அளந்தார்கள்.

யார் கூட வருகிறார்கள் என்பதும் முக்கியம். ஊர்க் கூட்டம் என்றாலே பட்டாக்காரர்கள் மட்டும் கூடுவது நம் பக்கத்துப் பழக்கம். இட்டேரியை அதிகம் மிதிப்பது ஆடு மேய்ப்பவர்களும், கூலி வேலைக்குப் போகும் பெண்களும், காலனிக்காரர்களும்தான். பல ஊர்களில் காலனியிலிருந்து மயானத்துக்குப் போகும் வழியே ஓர் இட்டேரிதான். அவர்கள் வராமல் வரைந்த படத்தில் அந்த வழி இருக்காது, பிறகு மனைக்காரர் அடைக்கும்போது கேட்கவும் நாதி இருக்காது. அவர்களைத் தனியாகக் கூப்பிடுங்கள், கூலி வேலை முடிந்த நேரத்தில் கூப்பிடுங்கள்.

இனி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். சத்தம் போட்டது பதிவேட்டில் ஏறாது. எழுதிக் கொடுத்த தீர்மானம் ஏறும். "புல எண் இன்னது வண்டிப்பாதை, புல எண் இன்னது ஓடை. இவற்றை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்தில் இவற்றை உள்ளபடி காட்டாமல் ஊராட்சி இறுதி ஒப்புதல் தரக் கூடாது" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தீர்மானம் முழுசாக எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள், நகலும் வாங்குங்கள். உங்களுக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. தொழில்நுட்ப அனுமதியை நகர் ஊரமைப்பு அலுவலகம் தருகிறது. இறுதி ஒப்புதல் ஊராட்சி வழியாகத்தான் வரும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இதுதான் நடைமுறை. ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

மனை வரைபடம் இன்னும் ஒப்புதல் ஆகவில்லை என்றால் கேட்டுப் பெற ஓர் அருமையான விஷயம் இருக்கிறது. இவ்வளவு பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டு இடத்துக்கென ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 40 ஏக்கருக்கு அது சுமார் மூன்று ஏக்கர். வழக்கமாக மனைக்கு உதவாத ஏதோ ஒரு மூலையைத் தள்ளிவிடுவார்கள். அதைப் பள்ளத்தின் கரையை ஒட்டி நீளவாக்கில் தரச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளத்துக்கும் இடம், மரத்துக்கும் இடம், மனைக்காரருக்கும் நஷ்டமில்லை. 2024-ல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வந்து 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. அதற்காக நம் ஊர்கள் தலைமுறையாய்ப் போராடின. மழைத் தண்ணீர் தானாக வந்த பள்ளங்களை மட்டும் சும்மா விட்டுக்கொடுக்கிறோமே என்பது எனக்குத் தீராத மனக்குறை.

ஊர் முழுவதற்குமான கேள்வி தனி. உங்கள் கிராமம் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் வருகிறதா என்று விசாரியுங்கள். வெளியே என்றால் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் முன் இசைவு வேண்டும். வேளாண் இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும் என்பதால் மனுவின் பிரதி ஒன்று அவருக்கும் போகட்டும். உள்ளே என்றால், 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழிலும் அறிவித்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். நேரில் பேசவும் வாய்ப்பு வேண்டும் என்று அந்த மனுவிலேயே கேளுங்கள். அந்த இரண்டு மாதத்தை விட்டால் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதற்குக் கோவையே சாட்சி. 1994-ல் ஒப்புதலான முழுமைத் திட்டமே முப்பது ஆண்டு ஓடியது. 2041 வரைக்குமான புது வரைவு மக்கள் கருத்துக்கு வந்தது 2024-ல்.

இன்றைக்கே செய்யக்கூடியது: தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த 40 ஏக்கருக்கு வந்த மனைப்பிரிவு விண்ணப்பத்தையும் வரைபட நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் ஒரு நல்ல மழை பெய்தால் மறுநாள் காலையில் குட்டையிலிருந்து பள்ளத்தில் மேலேறி நடங்கள். தண்ணீர் வந்துபோன வண்டல் கோடு கரையில் ஈரமாகத் தெரியும். அதைச் சர்வே கல்லோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.