திரையிசையில் ‘தீம்’ என்றால் என்ன? ரசிகர்கள் ஏன் அதற்கு இப்படி உருகுகிறார்கள்?

ஒரு பாத்திரத்துக்கோ இடத்துக்கோ உணர்ச்சிக்கோ இசையமைப்பாளர் ஒதுக்கிவைக்கும் சின்ன மெட்டுதான் தீம். படம் நெடுக அது வேறு வேறு வாத்தியங்களில், வேறு வேகத்தில் திரும்ப வரும்.

மாலையில் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் தெரியும் முன்பே, ஹாரன் சத்தத்துக்குப் பிள்ளைகள் காசு கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காது பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை.

1975இல் வந்த ‘ஜாஸ்’ என்ற சுறாப் படத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் செய்தது இதைத்தான். தாழ்ந்த குரலில் இரண்டே சுரங்கள் மாறி மாறி வரும். சுறாவைக் காட்டாமலே வயிற்றைக் கலக்கும். ஆனால் இரண்டு சிறுவர்கள் அட்டையில் செய்த சுறாவின் முதுகுத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் காட்சியில் அந்த இசை வராது. பொய்ச் சுறாவுக்குத் தீம் கிடையாது! படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சரி, பல வாத்தியங்கள் சேர்ந்த பெரிய இசைக்குழுவான ஆர்க்கெஸ்ட்ரா எதற்கு? ஒரே மெட்டைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்தால் ஏக்கம், டிரம்பெட்டுக்குக் கொடுத்தால் வீரம். கோலாலம்பூர்க்காரர்கள் இதை நேரிலேயே கேட்கலாம்: இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில், மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழு திரையிசையும் வாசிப்பதுண்டு.

அப்புறம், எல்லா வயலினும் சேர்ந்து முழங்கினால்தான் ஆர்க்கெஸ்ட்ரா இசை என்று பலர் நினைக்கிறார்கள். மேடை நிறைய ஆட்கள் சும்மா இருக்க, ஓபோ என்ற ஊதுகுழல் ஒன்று மட்டும் ஒலிப்பதும் ஆர்க்கெஸ்ட்ரா இசைதான்.