மேசைக்கு அந்தப் பக்கம்

32 ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்

மகளின் உதவித்தொகைக்காக வருமானச் சான்று வாங்க இ-சேவை மையம் போனேன். ஆதார், குடும்ப அட்டை நகல்கள் கேட்டார்கள். இரண்டையும் கொடுத்ததே அரசுதானே?
– வாசகி, திண்டிவனம்

பணியில் இருந்தபோது இதை என்னிடம் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். அந்த நகல்களை வாங்கிக் கட்டுக்கட்டாக அடுக்கியவனே நான்தான்.

தாளில் இருந்த படிவத்தை அப்படியே திரையில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு ஏறிய அதே படிகளில் இப்போது மின்னணு விண்ணப்பம் ஏறுகிறது. பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறது என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். என் காலத்தில் அது தெரிய அலுவலக உதவியாளருக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

சுமார் 13 லட்சம் பேர் வாழும் ஐரோப்பிய நாடான எஸ்டோனியாவில் 2001இல், துறைகளின் கணினிகளை இணைக்கும் 'எக்ஸ்-ரோடு' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். தகவல்களை ஓரிடத்தில் குவிக்கவில்லை. அவரவர் பதிவேடு அவரவரிடம் இருக்கும். வேண்டும்போது ஒரு துறை இன்னொரு துறையிடம் கேட்டுக்கொள்ளும். அரசிடம் ஏற்கெனவே இருப்பதை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று: உங்கள் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்பதை நீங்களே பார்க்கலாம். இங்கே துறைகளை இணைப்பதற்கு முன்பே இந்த வசதி வர வேண்டும் என்பேன். அடுத்தவர் கோப்பைச் சும்மா புரட்டிப் பார்க்கும் ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் மாறாது. கூலி வேலை செய்பவரின் வருமானம் எந்தக் கணினியிலும் இல்லை. ஊருக்குள் போய் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும்.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வயது 81. நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால் கைரேகை பதியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், அரக்கோணம்

உயிர்வாழ் சான்றை மின்னணு முறையில் தர 2014இல் வந்த ஜீவன் பிரமாண் திட்டம் கைரேகையோடு நின்றுவிடவில்லை. 2021 முதல் கைபேசியில் முகத்தைக் காட்டியும் பதியலாம். 80 வயதைக் கடந்தவர்களுக்கு அக்டோபர் முதல் தேதியிலேயே வாசல் திறந்துவிடும். நவம்பர் நெரிசல் வேண்டாம். தபால்காரரை வீட்டுக்கு வரவழைக்கலாம், கட்டணம் உண்டு. எதுவும் சரிப்படாவிட்டால் பழைய காகிதச் சான்றும் செல்லும். "அதெல்லாம் இப்போது கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் அம்மா நாற்பது வருடம் நாற்று நட்டவர். ரேஷன் கடைக் கருவி அவரை ஏற்க மறுத்தபோது, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். திட்டம் தீட்டுகிறவர்கள் அந்த வரிசையில் ஒரு நாள் நின்று பார்க்கலாம்.

எல்லாம் கைபேசிக்கு வந்துவிட்டால் தாலுகா அலுவலகத்தை மூடிவிடலாம் அல்லவா?
– கல்லூரி மாணவர், தேனி

அவசரப்படாதீர்கள் தம்பி. அதே எஸ்டோனியாவில் 2017இல் அடையாள அட்டையின் சில்லில் பாதுகாப்புக் குறை தெரிந்தது. சுமார் ஏழரை லட்சம் அட்டைகளில், இணையத்தில் ஆளை உறுதிசெய்யும் மின்சான்றுகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இணையம் வழியாகவும் செய்யலாம் என்றார்கள். அலுவலகங்களுக்கும் மக்கள் போகத்தான் செய்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பட்டாவைக் கணினியில் ஏற்றியபோது யாரோ என் தாத்தா பெயரில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டார். திருத்த வேண்டுமானால் கிராமத்தின் நிலக் கணக்கான பழைய 'அ' பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும். மூன்று முறை போய்விட்டேன். முன்னாள் துணை வட்டாட்சியர் என்றும் சொல்லிப் பார்த்தேன். வரும் திங்கட்கிழமை, ஆதார் நகலோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.