பாமினியிலிருந்து யுனிகோட்: மேக்ரோவும் மாற்று அட்டவணையும் (கேள்வி பதில்)

கிளிநொச்சியில் தட்டச்சுக் கடை வைத்திருந்த காலத்துப் பாமினிக் கோப்புகளை (ஆங்கிலச் சாவி எழுத்துகளைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துருவில் தட்டியவை) மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைத் தொடர், எழுதி யுனிகோடுக்கு மாற்றி வருகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை, கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

துணுக்காய்த் தம்பி: அண்ணை, நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துத் திருத்தியில் அறுபது மாற்றல்களை ஒரே மேக்ரோவாகப் பதிந்தேன். மாங்குளம் ‘மாங்களம்’ ஆகிவிட்டது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்கும் தெரிவைப் போடவில்லை. பாமினியில் சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. வன்னியில் குளத்தில் முடியாத ஊர் எத்தனை? எல்லாம் களமாகிவிடும். சேமித்தபின் எது குளம், எது களம் என்று மேக்ரோவுக்குத் தெரியாது. மூலத்தில் கை வைக்காதீர்கள், பிரதியில் செய்யுங்கள்.

ஒட்டுசுட்டான்: காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிறதே?

இது நல்ல கேள்வி. பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் ‘இ’. காற்புள்ளி வேண்டுமென்றால் கணக்கில் ‘பெரிது’ என்று போடுகிற குறியைத் தட்ட வேண்டும். உங்கள் மேக்ரோ முதலில் அந்தக் குறியைக் காற்புள்ளியாக்குகிறது. பத்து வரி தள்ளி, காற்புள்ளியை ‘இ’ ஆக்குகிறது. தான் வைத்ததைத் தானே தின்கிறது. வரிசையை மாற்றித் தப்பலாம், ஆனால் நாளைக்கு இன்னொன்று இடிக்கும். நான் விம் என்ற எழுத்துத் திருத்தியில் மாற்று அட்டவணையை ஓர் அகராதியாக வைத்திருக்கிறேன்: இடப்பக்கம் பாமினித் துண்டு, வலப்பக்கம் யுனிகோட். தேடல் ஒன்றே ஒன்று. அகப்பட்ட துண்டை அகராதியில் பார்த்து மாற்றிவிட்டு முன்னே போகும், போட்டதைத் திரும்பித் தொடாது. ஒன்று கவனம்: அகராதியின் இடப்பக்கத் துண்டுகள் ஒழுங்கில்லாமல்தான் வரும். நீளமான துண்டு முன்னே நிற்கும்படி அடுக்கிய பிறகே தேடலில் கோத்துவிடுங்கள்.

மல்லாவி: நீளமானது ஏன் முன்னே?

‘ர்’ எழுத்தை அரவும் (துணைக்கால்) குற்றுமாகத்தானே (புள்ளி) தட்டினோம்? அரவை முதலில் மாற்றினால் ‘அவர்’ ‘அவா்’ ஆகிவிடும்.

முல்லைத்தீவு வாத்தியார்: கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை, சேர், ஒன்றில் ‘ர’வும் குற்றும், மற்றதில் அரவும் குற்றும். ‘அவர்’ என்று தேடிப் பாருங்கள், அகப்படாது.

அவரே மறுபடி: அச்சில் சரியாக வந்தால் போதாதா?

அச்சுக்குப் பாமினியே போதுமே, பிறகு எதற்கு இந்தப் பாடு? ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கொக்குத்தொடுவாயில் வருகிற ‘கொ’வை ஒற்றைக் கொம்பு, அரவு என்று பிரித்துப் போட்டாலும் யுனிகோட் அதைச் சமமாகவே கொள்ளும். இயல்பாக்கம் (சமமான பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது) செய்தால் சேர்ந்துவிடும். ‘அவா்’ அப்படித் திருந்தாது.

இன்னும் இருவர்: அதெப்படி, எனக்கு ஒரே மாதிரித்தானே தெரிகிறது?

மேலே வாசியுங்கள்.

வவுனியாத் தங்கச்சி: அட்டவணையைக் காற்புள்ளி பிரித்த கோப்பாக வைக்கலாமா?

காற்புள்ளிதான் ‘இ’ என்று இப்போதுதானே சொன்னேன், பிள்ளை! டாப் (Tab) போட்டுப் பிரியுங்கள்.

மாந்தை: சிங்களக் கோப்புக்கும் அட்டவணை இருக்கிறதா?

என்னிடம் இல்லை.

துணுக்காய்த் தம்பி: அண்ணை, மூலத்திலேயே சேமித்துவிட்டேன்.

பழைய சிடி ஏதும் கிடக்கிறதா, பாரும்.