ஐஸ் புயலில் கறண்ட் போனால்: கேள்வி பதில்

கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்தும் வேலை செய்கிறேன். 2013 டிசம்பர் 21, 22 இல் அடித்த ஐஸ் புயலில் (விழும் மழை மரத்திலும் வயரிலும் ஐஸாக உறையும் புயல்) ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கறண்ட் நின்றது. நத்தார் கழிந்த பிறகும் பல வீடுகள் இருட்டில்தான் கிடந்தன. அந்த நாட்களை நினைத்துப் பலர் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் வீட்டில் காஸ் ஹீற்றிங். கறண்ட் போனாலும் சூடு வரும்தானே அண்ணா?

வராது தங்கச்சி. காஸ் லைனில் காஸ் இருக்கும். ஆனால் நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைற்றர், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி எல்லாம் கறண்டில்தான் ஓடுகின்றன. வெந்நீர்த் தாங்கி மட்டும் சில வீடுகளில் வேலை செய்யும். பேஸ்மென்டுக்குப் போய் அதன் தலைப்பக்கத்தைப் பாருங்கள். தகரக் குழாய் மேலே சிம்னிக்குப் போனால், அநேகமாகப் பைலட் சுடரில் (எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்) எரியும் வகை, வெந்நீர் வரும். மேலே ஒரு மோட்டார் இருந்து, பிளாஸ்டிக் குழாய் பக்கச் சுவரால் வெளியே போனால் அதுவும் நின்றுவிடும்.

கராஜ் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே பார்பிகியூ மூட்டிக் குளிர்காயலாம் என்று மாமா சொல்கிறார். சரியா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கரியோ காஸோ எரியும்போது கார்பன் மொனொக்சைட் வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜ் கதவு திறந்திருந்தாலும் அது வீட்டுக்குள் புகுந்துவிடும். 2013 இலும் இப்படி அடுப்பு மூட்டிய வீடுகளிலிருந்து ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 1998 ஜனவரியில் மொன்றியலையும் கிழக்கு ஒன்ராறியோவையும் முடக்கிய பெரிய ஐஸ் புயலில் இறந்தவர்களில் சிலரைக் கொன்றதும் இந்த வாயுதான்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருகிறது, ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் உடனே வெளியே போய் 911 ஐ அழையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருக்க வேண்டாம். ஜெனரேற்றர் வைத்திருப்பவர்கள் அதை வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி வையுங்கள். காஸ் அடுப்பின் அவன் (oven) கதவைத் திறந்துவைத்து அறையைச் சூடாக்குவதும் இதே ஆபத்துத்தான்.

இன்னொன்று: உங்கள் கார்பன் மொனொக்சைட் அலார்மைக் கழற்றிப் பாருங்கள். சுவர்ப் பிளக்கில் மட்டும் ஓடும் வகை, உள்ளே பற்றறி இல்லாவிட்டால், மிகவும் தேவைப்படும் அந்த இரவில் ஊமையாகிவிடும். குளிரைச் சமாளிக்க நமக்கு நேரம் இருக்கிறது. இந்த வாயு அந்த நேரத்தைத் தராது.

ஐந்து மாதக் குழந்தையோடு எப்படிச் சமாளிப்பது?

எல்லோரும் ஒரே அறைக்கு வாருங்கள். சிறிய அறை, தெற்குப் பக்க ஜன்னல் உள்ளது நல்லது. வெயில் உள்ளபோது திரையைத் திறந்து, பொழுதுபட முன் மூடிவிடுங்கள். கதவு இடுக்கில் துவாயை உருட்டி வையுங்கள். பிள்ளைக்கு மெல்லிய உடுப்புகளை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே ஸ்லீப் சாக் (பிள்ளைக்கு உடுப்புப்போல் போடும் உறங்கு பை). தடித்த போர்வை வேண்டாம், முகத்தை மூடிவிடும். கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாமல் நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் என் கருத்து, கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள வீட்டில் பொறுத்துப் பார்க்கவே வேண்டாம். கறண்ட் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் நாளே, வெளிச்சத்தோடு போய்விடுங்கள். யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று தயங்குவது நம்மவர்கள் வழக்கம். அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். போக இடமில்லாவிட்டால் நகரசபை திறக்கும் சூடான நிலையங்கள் இருக்கின்றன. நகரசபையின் 311 தொலைபேசி எண்ணில் கேளுங்கள்.

ஃப்ரீசர் நிறைய மீனும் இறைச்சியும். எறிய வேண்டுமா?

கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஃப்ரிட்ஜ் 4 மணித்தியாலம்தான். மீனில் இன்னும் ஐஸ் படிகம் இருந்தால் திரும்ப உறைய வைக்கலாம். வெறுமனே பனிக்குள் புதைக்காதீர்கள், வெயில் படும், ரக்கூனும் வரும். மூடியுள்ள கூலரில் போட்டுக் கராஜில் வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் கவனம்: அதை வெளியே குளிரில் வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலினை எறியத்தான் வேண்டும்.

கிளை விழுந்து, கறண்ட் வயர் வரும் குழாய் சுவரை விட்டுப் பிடுங்கிக்கொண்டது. ஹைட்ரோ (மின்சாரக் கம்பனி) வந்து பூட்டித் தருமா?

2013 இல் பலர் தெருவுக்கே கறண்ட் வந்தபிறகும் காத்திருந்தது இதனால்தான். தெருவிலிருந்து வரும் வயர் ஹைட்ரோவினுடையது. சுவரில் நிற்கும் குழாய் உங்களுடையது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கொன்ராக்டர் திருத்தி, மின் பாதுகாப்பு ஆணையத்தின் சோதனையும் முடிந்த பிறகுதான் இணைப்பார்கள். ஆகவே முதல் நாளே ஹைட்ரோவுக்கு அறிவியுங்கள், அதே நாளில் கொன்ராக்டரையும் பிடியுங்கள். காப்புறுதிக்குப் படம் எடுத்து வையுங்கள். விழுந்த வயரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நின்றே எடுங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் தண்ணீர்க் குழாய் வெடிக்குமா?

வீடு உறைநிலைக்கு இறங்கினால் வெடிக்கலாம். பேஸ்மென்டில் மெயின் வால்வை மூடுங்கள். மேல்மாடியிலிருந்து தொடங்கி எல்லாப் பைப்பையும் திறந்து, ரொய்லற்றுகளை ஃப்ளஷ் செய்து, கடைசியாகப் பேஸ்மென்டில் வடியவிடுங்கள். வால்வு எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

சாமியறை விளக்கு எரியலாமா?

ஆள் பக்கத்தில் இருக்கும்போது எரியட்டும். படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். இரவு வெளிச்சத்துக்கு ரோர்ச் போதும்.

கறண்ட் வந்ததும் முதலில் எதைப் போடுவது?

போன உடனேயே எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு லைற்றை மட்டும் போட்டு வையுங்கள், வந்ததும் தெரியும். முதலில் ஃபேர்னஸ், கொஞ்ச நேரம் விட்டு ஃப்ரிட்ஜ், அப்புறம் மற்றவை. குழாய்களை வடியவிட்டிருந்தால், தாங்கி நிரம்பும் வரை வெந்நீர் ஹீற்றரைப் போடாதீர்கள். ஃபேர்னஸ் தொடங்காவிட்டால் வெளிச்சுவரில் காற்று எடுக்கும், புகை போகும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களையும் பாருங்கள். வாயில் ஐஸ் அடைத்திருந்தால் மெல்லத் தட்டி எடுத்துவிட்டு, ஸ்விட்சை ஒருதடவை நிறுத்திப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள்.