கதிரியக்க அயடீன் சிகிச்சைக்கு முன் கருவாட்டை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

தைரொயிட் மிகைச் சுரப்புக்காக வெள்ளவத்தையிலுள்ள உங்கள் அம்மாவுக்குக் கதிரியக்க அயடீன் கொடுக்கவிருப்பதாகவும், கருவாட்டையும் மாசியையும் நிறுத்தச் சொன்னது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உடலில் அயடீனைப் பெருமளவில் சேமிப்பது தைரொயிட் சுரப்பியே என்பதால், விழுங்கிய கதிரியக்க அயடீனான அயடீன்-131 அங்கு சென்று தங்கி, ஓரிரு மில்லிமீற்றர் தூரமே பாயும் பீட்டாக் கதிர்களால் மிகையாகச் சுரக்கும் கலங்களை அழிக்கிறது. கடலுணவிலும், 1995 முதல் இலங்கையில் கட்டாயமாக்கப்பட்ட அயடீன் உப்பிலும் உள்ள அயடீன் முன்னரே சுரப்பியை நிரப்பிவிட்டால், மருந்து போதியளவு உட்புகாது. மாசிச் சம்பல் இல்லாத நாட்கள் சிரமந்தான்.

அயடீன்-131 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 8 நாட்கள். உடலை ஊடுருவி வெளிவரும் காமாக் கதிர்களும் அதிலிருந்து வருவதால், வைத்தியர் குறிப்பிடும் நாள்வரை பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கக் கூடாது. பின்னர் சுரப்புக் குறைந்து வாழ்நாள் முழுதும் தைரொக்சின் (தைரொயிட் ஓமோன்) மாத்திரை தேவைப்படலாம். அது சிகிச்சையின் தோல்வியன்று, பெரும்பாலும் எதிர்பார்க்கப்படும் விளைவே.