மகன் வலி மாத்திரைக்கு அடிமையாகிவிட்டான். அடித்தும் பார்த்தோம், கெஞ்சியும் பார்த்தோம். இனி என்ன செய்வது?

சகோதரி, உங்கள் மகனுக்கு 20 வயது, ஏழெட்டு மாதமாக வலி மாத்திரை போடுகிறான், ஒரு வாரம் அறையில் பூட்டி வைக்கலாமா, இல்லை உறவினர் சொல்லும் தனியார் மையத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் செய்தவன். அதில் மகனையே இழக்கப் பார்த்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் சின்ன எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மகன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இது ஆரம்பித்தது. முதலில் கல்லாவில் நூறு, இருநூறு குறைந்தது. அப்புறம் 90 மீட்டர் வயர் காயில்கள் கணக்கில் உதைத்தன. கடைப் பையனைச் சந்தேகப்பட்டு வேலையை விட்டு நிறுத்தினேன். பிறகு அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் அது இன்னும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. ஒரு நாள் மகனின் கிரிக்கெட் பேடுக்குள் இன்சுலின் ஊசியும், டேபென்டடால் என்று போட்ட காலி அட்டையும் இருந்தன. கடும் வலிக்கு டாக்டர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரை அது. மூளையில் அபின் வகை மருந்துகள் எந்த இடத்தில் வேலை செய்யுமோ அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்யும்.

அன்று ராத்திரியே அவனை மாடி அறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல். சித்திரை வெயிலில் போர்வை கேட்டான். கையில் மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது. காய்ச்சல் என்று நினைத்து என் மனைவி நிலவேம்புக் கசாயம் வைத்துக் கொடுத்தாள். அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் விரலை விட்டு, "அப்பா, ஒரே ஒரு தடவைப்பா" என்று அழுதான். நடிக்கிறான் என்று நினைத்துக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அத்தனையும் நிஜ வேதனை. மருந்து நின்ற ஒரு நாளுக்குள் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் மெல்ல அடங்கும். ஆஸ்பத்திரியில் இதைப் பெருமளவு தணிக்க மருந்து உண்டு. எனக்கு அது தெரியவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. நான்காம் நாள் மொட்டை மாடி வழியாக இறங்கி ஓடிவிட்டான்.

தேடிப் பிடித்து, தெரிந்தவர் சொன்ன ஒரு மையத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் பார்க்க விடவில்லை. டாக்டர் என்று ஒருவரை நான் அங்கே கண்டதே இல்லை. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றியபோது மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. உங்கள் உறவினர் சொல்லும் மையத்துக்குப் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, பெற்றோர் பார்க்கலாமா என்ற மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆனாலும் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் வந்திருந்தான், அதில் எங்களுக்குச் சந்தோஷம். வீட்டில் கறிக்குழம்பு வைத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் குளியலறைக்குள் போனவன் வரவில்லை. உள்ளேயிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம். கதவை உடைத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது. 108-இல் ஏற்றி, அவசரப் பிரிவில் அபின் வகை மருந்தின் வேகத்தை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டதும் சில நிமிடத்தில் கண் விழித்தான். அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார்: "மூணு மாசம் நிறுத்தின உடம்புங்க. பழைய அளவு இப்ப தாங்காது. நிறுத்திட்டு வர்ற சமயம்தான் ரொம்ப ஆபத்து."

சகோதரி, நான் எழுதியதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பூட்டி வைத்தோ வேறெப்படியோ கொஞ்ச நாள் நிறுத்த வைத்துவிட்டு, மேற்கொண்டு சிகிச்சை இல்லாமல் வெளியே விட்டால், பழைய அளவே அவன் உயிரை எடுத்துவிடும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். என்ன போட்டான் என்பதை வண்டியில் வருபவர்களிடம் மறைக்காதீர்கள்.

மறைப்பதில்தான் நாங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்தோம். மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்க வேண்டுமே, ஊர் என்ன பேசும் என்ற பயம். அந்த மகள் ஒரு நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து, "அப்பா, நாளைக்கு எனக்குப் பிளஸ் டூ பரீட்சை ஆரம்பிக்குதுன்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் என் அண்ணனிடமும் மச்சினரிடமும் வாய் திறந்து சொன்னேன். பயந்த மாதிரி யாரும் எங்களை ஒதுக்கவில்லை. மச்சினர் வாரம் இரண்டு நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அரசு ஆஸ்பத்திரியில் பூப்ரெனார்பின் என்ற மாத்திரை கொடுத்தார்கள். இதுவும் அபின் வகை மருந்துதான். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். ஊசி போட்டவன் என்பதால் எச்ஐவிக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-க்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உங்கள் மகனும் ஊசி போட்டிருந்தால் இந்தப் பரிசோதனையை விடாதீர்கள். "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்று சிலர் கேட்பார்கள், நானும் கேட்டேன். இந்த மருந்து 2005 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் கண்காணிப்பில் எடுக்கும்போது தவிப்பு அடங்கி, அவனால் சாப்பிட, தூங்க, வேலைக்குப் போக முடிகிறது. எத்தனை மாதம் எடுக்க வேண்டும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாக அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது.

போலீஸ் பயம் இருக்கும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தான் உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டிய அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெற்றுவிடலாம். சிகிச்சைக்காக டாக்டரிடம் போவதற்குப் பயப்படவே வேண்டாம்.

பணம் கையில் கொடுக்காதீர்கள். செல்போன் பில், பஸ் பாஸ், சாப்பாடு எல்லாவற்றையும் நீங்களே கட்டுங்கள். கடன்காரன் வாசலுக்கு வந்தால் மகனுக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்து அடைக்காதீர்கள். என் மனைவி இரண்டு முறை அடைத்தாள், இரண்டு முறையும் அடுத்த வாரமே புதுக் கடன். அடிக்கவும் வேண்டாம். நான் அடித்த நாட்களில் அவன் வீட்டுக்கு வராமல் இருந்தான், வெளியே அவனுக்கு என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது என்ற நிலைதான் மிச்சம்.

இப்போது ஒன்றே கால் வருடம் ஆகிறது. நடுவில் ஒரு முறை வழுக்கினான். மறுநாள் காலை அவனே வந்து சொன்னான். அதைச் சொல்ல முடிந்ததே பெரிது என்று டாக்டரம்மா சொன்னார். இன்றைக்கு என்னோடு கடையில்தான் இருக்கிறான்.

நீங்கள் நாளைக் காலையே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஓபி சீட்டுக்குச் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும். அவன் போடும் மாத்திரையின் காலி அட்டை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14446-க்கு அடியுங்கள், போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண். வரமாட்டேன் என்று அவன் அடம்பிடித்தால் நீங்கள் மட்டுமாவது போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த வாசலுக்கு முதல் முறை நானும் தனியாகத்தான் போனேன்.